விளக்குப் போடாமல் பார்த்த கண்ணாடி

மச்சான்,

உன் பெரிய மகள் நேற்று மத்தியானம் வந்து ஒரு பழைய சோப்பு டப்பாவை என் கையில் கொடுத்தாள். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ உடைந்த சாமான் என்று குப்பையில் போட்டிருப்பார்கள். எனக்கு எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. பின்பக்கம் ஓரத்தில் பழுத்துப்போன ஸ்டிக்கர், அதில் நீல மையில் 'ஓகே', அதற்குக் கீழே உன் கையெழுத்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் இரண்டு பேரையும் ஒரே பொறியில் மாட்டிவிட்ட சாமான் அது.

"அத்தா ஆஸ்பத்திரில இருக்க சொல்லவே சொன்னாங்க மாமா. கடைல கல்லாவுக்குக் கீழ கீது, எடுத்துனு போய் அவன்கிட்ட குடு, அவன் பாத்து சொல்லுவான்னாங்க. இன்னா பாக்கணும்னு கேட்டேன். சிரிச்சாங்க, அவ்ளோதான்."

"பழைய கம்பெனி சாமான்மா" என்று மட்டும் சொன்னேன். உன் வீட்டில் நீ யாரிடமாவது சொன்னாயா என்பதே எனக்குத் தெரியாது. ஒருவேளை எல்லோருக்கும் தெரிந்திருந்து, நான் ஒருவன்தான் இன்னும் ரகசியத்தைக் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. வாங்கிய சத்தியத்தை நீ திருப்பிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே விடுதலை ஆகியிருப்பேன். நீ கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு ஆளில்லை.

நாம் சேர்ந்த கம்பெனி பெரிய கம்பெனி ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதற்குக் கீழே இருபது பேர். ஸ்டெபிலைசரும் பேட்டரி சார்ஜரும் செய்தோம். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வருவேன், நீ பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாய். இருவருக்கும் டிப்ளமோ, ஒரே சம்பளம், ஒரே பெஞ்ச். ரெசிஸ்டர் என்கிற சின்ன உருப்படியின் மேல் நாலு வண்ணக் கோடு போட்டிருக்கும். பழகியவன் அந்தக் கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் அதன் அளவைச் சொல்லிவிடுவான். நீ மட்டும் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்து அளந்துதான் போர்டில் போடுவாய். அசெம்பிளியில் இருந்த பெண்கள் உனக்கு 'மீட்டர் அண்ணாத்தே' என்று பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. "அவன் போட்ட போர்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. நீங்க கண்ண நம்புறீங்க, அவன் மீட்டர நம்புறான்" என்பார். அவருக்குத் தெரியாமலே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன்.

ஒருநாள் அவசரத்தில் சிவப்பு ஒயரை எடு என்றேன், நீ பச்சையை நீட்டினாய். "காமெடி பண்ணாதடா" என்று நிமிர்ந்து பார்த்தேன். உன் முகத்தில் காமெடி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீயே சைக்கிளில் ஆவடிக்கு வந்து என்னை அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாய். கரையில் ஒரு அம்மா கொய்யா வைத்திருந்தாள். பழுத்ததாகப் பார்த்து நீ எடு என்று என்னிடம் சொன்னாய். கரையில் உட்கார்ந்த பிறகும் நீ தின்னவில்லை, கையில் உருட்டிக்கொண்டே இருந்தாய்.

"மச்சான், எனக்கு செகப்பும் பச்சையும் ஒண்ணுதான். பொறந்ததுலேந்து அப்டித்தான்."

பிறகு எல்லாம் கொட்டினாய். பூந்தமல்லி கடைத்தெருவில் உன் அத்தாவுக்கு நூல் கடை. எட்டு வயதில் உன்னைக் கடையில் உட்காரவைத்தார். பச்சை நூல் கேட்டு வந்தவர்களுக்குச் சிவப்பைக் கொடுத்தாய். கடைக்கு வர இஷ்டமில்லாமல் வேண்டுமென்றே செய்கிறாய் என்று நினைத்து முதுகில் நாலு வைத்தார். டிப்ளமோ முடித்து ஆவடியில் பெரிய வேலைக்குத் தேர்வாகி, மெடிக்கலில் புள்ளி புள்ளியாக இருந்த ஒரு படத்தைக் காட்டி உள்ளே என்ன எண் என்று கேட்டபோதுதான் இது ஒரு குறை, இதற்கு ஒரு பெயர் உண்டு என்று உனக்கே தெரிந்ததாம்.

"எல்லாரும் நம்பர் கீதுன்றான். எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சிச்சு. இங்கயும் தெரிஞ்சா அனுப்பிடுவாங்க மச்சான். திரும்பிப் போய் அந்த நூல் கடைல உக்காந்தேன்னா நான் செத்தேன். யாராண்டயும் சொல்லிடாத."

அம்மா மேல் சத்தியம் செய்தேன். இருபத்து நாலு வயதில் சத்தியம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கொய்யாப்பழம் தின்கிற நேரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து வண்ணம் சம்பந்தப்பட்ட எதுவானாலும் நீ என் பெஞ்சுக்கு வந்து "டீ சாப்டலாமா மச்சான்" என்பாய். ஸ்டோர்ஸுக்குப் பின்னால் போய் நான் பார்த்துச் சொல்லுவேன். எத்தனையோ தடவை உண்மையாகவே டீயும் குடித்தோம்.

அப்புறம்தான் அந்த அலாரம் பேனல் வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் உட்காருகிற இடத்தில் சுவரில் மாட்டுகிற பெட்டி. குழாயில் ஆக்ஸிஜன் சரியாக வந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. உள்ளே இருக்கிற சர்க்யூட்டை நாம் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டோம். முகத்துக்கு என்ன வைப்பது என்பதில்தான் மூன்று மாதம் ஓடியது. முதலாளிக்கு வெளிநாட்டுச் சாமான் மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும், அதுவும் வண்ணத்தில்.

மேஜை மேல் மூன்று வகை வைத்தோம். நினைவிருக்கிறதா? ஒன்று ரிச்சி தெருவில் வாங்கிய எல்இடி. ஒரே பொட்டு, பச்சையாக எரிந்து ஆபத்து வந்தால் சிவப்பாக மாறும். மலிவு, நாளைக்கே கிடைக்கும். இரண்டாவது டேப் ரெக்கார்டரில் வருகிற மாதிரி நீலம் கலந்த ஒளியில் எழுத்து மின்னுகிற டிஸ்ப்ளே. பார்க்கக் குளுமையாக இருக்கும், ஆனால் ஒரே நிறம்தான். மூன்றாவது நமக்கென்றே செய்து தருகிற எல்சிடி கண்ணாடி. நாம் என்ன படம் வரைந்து கொடுக்கிறோமோ அந்த உருவத்திலேயே செய்வார்கள். கண்ணாடியின் முதுகில் வேண்டிய வண்ணத்தை அச்சடித்து, அதற்கும் பின்னால் ஒரு விளக்கு வைத்துவிட்டால் வண்ணமாகத் தெரியும். கடல் தாண்டி வர வேண்டும். நம் படத்துக்கென்று தனி அச்சு எடுப்பார்கள். முதல் சாம்பிளைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் அதோடு முடிந்தது, ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

நீ இரண்டாவதுக்காக மன்றாடினாய். நிறத்தை நம்பாமல் 'குறைவு', 'ஆபத்து' என்று எழுத்திலேயே காட்டலாம் என்றாய். முதலாளி தலையாட்டவில்லை. உடனே, சரி, கண்ணாடியே இருக்கட்டும், ஆனால் மூன்றுக்கும் மூன்று உருவம் வைக்கலாம், ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்கு முக்கோணம், ஒன்றுக்குப் பெருக்கல் குறி என்றாய்.

"எதுக்குப்பா? பச்சை எரியுது, சிவப்பு எரியுதுன்னு கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியாதா? பேனல் கேட்டா பால்வாடி புக்கு மாதிரி சொல்றியே."

"கண்ணு கீறவங்களுக்கே சில பேருக்குக் கலர் தெரியாது சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தூரத்து சொந்தத்துல ஒருத்தர் கீறாரு சார்" என்று சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உருவத்தையும் சேர்த்து வைப்பது நல்ல யோசனை சார் என்று சொல்ல உன் ரகசியம் எனக்குத் தேவையே இல்லை. ஆனால் நான் வாயைத் திறந்தால் எங்கேயோ போய் உன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயமாக இருந்தது. அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். முதலாளிக்கு எதிராகப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை என்பதும் அதில் பாதி. கடைசியில் படத்தை வரைந்தவனும் நான்தான். ஒரே மாதிரி மூன்று கட்டம். இடது பச்சை, நடு மஞ்சள், வலது சிவப்பு.

படம் கடல் தாண்டிப் போன கையோடு முதலாளி உன்னை இன்ஸ்பெக்‌ஷன் இன்சார்ஜ் ஆக்கினார். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் அளக்கிறவனைவிட வேறு யார் அதற்குப் பொருத்தம்? உன் குறையை மறைக்க நீ செய்த வேலையே உன்னைத் தூக்கிக்கொண்டு போய், வண்ணம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல உனக்குக் காரணம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலை. ஸ்வீட் பாக்ஸோடு ஸ்டோர்ஸுக்குப் பின்னால் வந்து நின்று, "வசமா மாட்டிக்கினேன் மச்சான்" என்றாய்.

அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்கு எப்போதும் தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன். எரிச்சலாக இருந்தது. அந்த வேலை எனக்கு என்று நினைத்திருந்தேன். என் அப்பா அம்பாசமுத்திரத்தில் எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டில் பையன் சீக்கிரம் இன்சார்ஜ் ஆகிவிடுவான் என்று வேறு சொல்லிவைத்திருந்தார். வேலை உனக்கு, கண் மட்டும் என்னுடையதா என்று ஒரு கறுவல் உள்ளுக்குள் உட்கார்ந்துகொண்டது. வெளியே சிரித்துக்கொண்டு லட்டு தின்றேன்.

நீ எதையும் முறைப்படி செய்கிறவன். சாம்பிளில் கையெழுத்தோடு, ஸ்டிக்கரின் மூலையில் பென்சிலால் பொடியாக ஒரு டிக் போடுவாய். "நீ வெளக்குப் போட்டுப் பாத்து சொன்னா மட்டும் இந்த டிக்கு. எனக்கு ஒரு கணக்கு வேணும்ல" என்றாய். வேறு யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது.

கண்ணாடி சாம்பிள் வந்த அன்று காலையில்தான் பெண் வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. பையனுக்கு உத்தியோகம் உயர்ந்துவிட்டதா என்று நாசூக்காகக் கேட்டிருந்தார்கள். அந்தக் கடுப்போடு பெஞ்சில் குனிந்து சால்டர் வைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து "டீ சாப்டலாமா மச்சான்" என்றாய்.

"நீ போய் சாப்டு."

நீ போகவில்லை. பக்கத்தில் இரண்டு பெண்கள் போர்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள், உன்னால் அதற்கு மேல் கேட்க முடியாது. கண்ணாடியை மெதுவாக என் முன்னால் வைத்தாய். விளக்கும் பேட்டரியும் வைத்த டெஸ்ட் பெட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பெண்கள் கவனிக்காதபடி அவர்கள் பக்கம் திரும்பி ஏதோ பேச்சுக் கொடுத்தாய். விளக்குப் போடாவிட்டால் அந்தக் கண்ணாடியில் மூன்று கட்டமும் ஒரே கறுப்பு. கண்ணுள்ளவனுக்கும் ஒன்றும் தெரியாது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் கண்ணாடியைப் புரட்டினேன், சால்டர் முனையைத் துடைத்தேன்.

"சரியாத்தான் இருக்கு. போட்டு அனுப்பு" என்றேன்.

கெடுதல் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை மச்சான். பார்க்கக் கூடாது என்று மட்டும் இருந்தது. ஒருநாள், ஒரே ஒருநாள், என் கண்ணை உனக்குத் தரக்கூடாது என்று.

சரக்கு வந்து முதல் பேனலைப் பூட்டிய நாள் நமக்கு இரண்டு பேருக்கும் மறக்காது. குழாயில் காற்று முழுசாக இருக்கிறது, பேனலில் சிவப்பு எரிகிறது. முதலாளி வால்வை மூடச் சொன்னார். காற்று தீர்ந்ததும் பச்சை எரிந்தது. வண்ணத்தைக் கண்ணாடியின் முதுகில் அச்சடிப்பதால் அச்சுத்தாளைத் திருப்பிப் போட வேண்டும்; கண்ணாடி செய்தவர்கள் ஒரு தடவை அதிகமாகத் திருப்பிவிட்டார்கள். இடம் வலம் மாறிவிட்டது. முதலாளி பீரோவைத் திறந்து சாம்பிளை எடுத்து விளக்கில் வைத்தார். சாம்பிளிலும் அதே தப்பு. ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"கண்ணெதிரே சிவப்பு இடது பக்கம் எரியுது. இதப் பாத்துட்டா ஓகே போட்ட?"

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தார்கள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. திரும்பியிருந்தால் நான் எதையாவது உளறியிருப்பேன்.

"பாக்காம போட்டுட்டேன் சார்."

"நீயா?"

"ஆமா சார். வெளக்குப் போடல. அவசரத்துல போட்டுட்டேன்."

ஒவ்வொரு ரெசிஸ்டரையும் அளந்தவன் நீ. விளக்குப் போடாதவன் நான். நான் செய்த குற்றத்தை வார்த்தை மாறாமல் உன் குற்றமாக நீ ஒப்புக்கொண்டாய். நான் எழுந்து, அவன் இல்லை சார், நான்தான் பார்க்காமல் சரி என்று சொன்னேன் என்றால், இன்சார்ஜ் என்னிடம் வந்து எதற்குக் கேட்க வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அதற்கு உன் கண்ணைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். அம்மா மேல் செய்த சத்தியம் நடுவில் நின்றது. அந்தச் சத்தியத்தின் பின்னால் நான் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொண்டேன் என்பதும் எனக்குத் தெரியும். உட்கார்ந்தே இருந்தேன். எழுந்தால் நீ போய்விடுவாய், உட்கார்ந்தாலும் நீ போய்விடுவாய். ஒரே வித்தியாசம், உட்கார்ந்தால் நான் போக மாட்டேன்.

இதில் கேவலம் என்னவென்றால் அந்தக் கண்ணாடி வீணாகவே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நான் போர்டில் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். பச்சை வலது பக்கம், சிவப்பு இடது பக்கம் என்று பேனல் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு மத்தியான வேலை. முதலாளி எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார். அடுத்த வாரம் இன்சார்ஜ் நான். அப்பா பெண் வீட்டுக்குச் சொன்னது பொய்யாகவில்லை.

நீ ஸ்டோர்ஸில் ஒரு மாதம் இருந்தாய். 'மீட்டர் அண்ணாத்தே' என்று யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் பஸ்ஸில் நீ வரவில்லை. பீரோவில் இருந்த அந்தச் சாம்பிளும் உன்னோடு போயிருக்கிறது என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. எங்கே போய் உட்கார்ந்தால் செத்தேன் என்று ஏரிக்கரையில் சொன்னாயோ அங்கேயே போய் உட்கார்ந்தாய், முப்பத்தைந்து வருஷம்.

கல்யாணமான புதிதில் என் மனைவியின் ரவிக்கைக்கு நூல் வாங்குகிற சாக்கில் உன் கடைக்கு வந்தேன். சுவர் முழுக்க அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றிலும் உன் எழுத்தில் நிறத்தின் பெயர். "இன்னா கலர் மச்சான்?" என்றாய். அரக்கு என்றேன். லேபிளைப் படித்து ஒரு நூல்கண்டை எடுத்து, பழக்கத்தில் என் பக்கம் நீட்டி, "பாத்து சொல்லு" என்றாய். நான் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வந்து "அரக்குதான்" என்றேன். அதற்கே இவ்வளவு நேரமா என்று சிரித்தாய். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வேண்டிய நூல் எல்லாம் பூந்தமல்லியிலிருந்துதான் வந்தது. வேண்டாதபோதும் வந்தது. எங்கள் அலமாரியில் இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தைக்க நூல் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்பி வருவேன், நூலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவேன். நான் அன்று விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கவனக்குறைவாகச் சொல்லியிருப்பேன் என்று நீ நினைத்திருப்பாய், அப்படியே இருக்கட்டும் என்று ஒரு நப்பாசை. அந்த நப்பாசையில்தான் இத்தனை வருஷமும் உன் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு இரண்டு கம்பெனி மாறி டிசைன் தலைவனாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். நான் போட்ட எந்தப் பெட்டியிலும் வண்ணம் மட்டும் தனியாகப் பேசாது. வட்டமோ முக்கோணமோ பெருக்கல் குறியோ பக்கத்தில் இருக்கும். பால்வாடி புக்கு என்று என்னையும் கிண்டல் செய்தார்கள். யார் யோசனை என்று கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினேன்.

நேற்று உன் மகள் போன பிறகு கண்ணாடியை ஜன்னலுக்குக் கொண்டுபோய் ஸ்டிக்கரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 'ஓகே' இருந்தது. கையெழுத்து இருந்தது. நாலு மூலையும் தேடினேன். பென்சில் டிக் இல்லை. அழிந்த தடமும் இல்லை.

உனக்குத் தெரியும். கையெழுத்துப் போடும்போதே தெரியும். நான் பார்க்கவில்லை என்று தெரிந்தும், இரண்டு பெண்களுக்கு முன்னால் இன்னொரு தடவை கேட்க முடியாமல் என் வாய் வார்த்தையின் மேல் போட்டிருக்கிறாய். அதோடு முப்பத்தைந்து வருஷம் எனக்கு நூல் விற்றிருக்கிறாய். கடையில் நீ நீட்டிய ஒவ்வொரு நூல்கண்டோடும் எனக்கு இன்னொரு வாய்ப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் உறைக்கிறது. வெட்கத்தில் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள்.

அப்புறம் எழுந்து டார்ச் லைட்டை எடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அதை வைத்து, இரண்டு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து ஓரத்துக் கால்களில் தொட்டுப் பார்த்தேன். இப்படி நேராகப் பேட்டரி கொடுத்தால் இந்தக் கண்ணாடி கெடும், ஆனாலும் ஒரு நிமிஷம் தாங்கும். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டமாகத் திறந்தது.

இடது பக்கம் சிவப்பு மச்சான். நடுவில் மஞ்சள். வலது பக்கம் பச்சை. படத்தில் வரைந்ததற்கு நேர் மாறு. கையெழுத்துப் போடாதே, திருப்பி அனுப்பு.

வாய்விட்டே சொன்னேன், சமையலறைக்குக் கேட்கும்படி. பென்சிலும் மேஜை மேல்தான் இருக்கிறது. டிக் போடவில்லை. அது நீ போட வேண்டியது.